மூலைக்கொடிக்குப் பக்கத்தில்

சுண்ணாம்பு வாளியோடு நான் இறங்கும்போது
விடிந்தும் விடியாத நேரம்.
முத்தையன்கட்டு இடதுகரை மைதானம்,
இறுதி ஆட்டம் பின்னேரம் நாலுக்கு.
கயிறு பிடிக்க வாறன் என்ற கஜீபன்
வழக்கம்போல வரவில்லை.
ஒரு நுனியைக் கல்லில் கட்டிவிட்டு
நானே கோடு கீறிக்கொண்டு போனேன்.

மேற்கு மூலைக்கொடிக்கு நாலு பாகம் இருக்கையில்
காலடியிலிருந்து கிளம்பிக் கத்தியது ஆட்காட்டி.
சரளைக்குள் சரளையாய்
நாலு முட்டை.
கோடு போகவேண்டிய இடத்தில், மிகச் சரியாக.

என்ன செய்ய.
கோட்டை ஒரு முழம் உள்ளே வளைத்தேன்.
பிறகு, கை பழகிய பழக்கம்,
பூவரசந்தடி நாலு முறித்து
உச்சிக்குச் சிவப்புப் பெயின்ற் தடவிச்
சுற்றிவரக் குத்திவிட்டேன்.
மிதிவெடிக் கொம்பனியில் நாலு வருசம்
முழங்காலில் நகர்ந்தவள் நான்.
இந்த மைதானத்தை முதலில்
ஒரு மீற்றர் அகலப் பாதைகளாய்த்தான் எனக்குத் தெரியும்.
இப்போது பெனால்ற்றி அடிக்கிற புள்ளியில்
ஒரு செவ்வாய்க்கிழமை
அரை நாள் குப்புறக் கிடந்திருக்கிறேன்.

நாலு மணிக்குச் சனம்.
லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறி நிற்பவர்கள்,
பாலை மரத்தில் தொங்குபவர்கள்,
கச்சான் சரையோடு நிழலுக்குப் பின்னால்
நகர்ந்துகொண்டே இருக்கும் பரஞ்சோதி மாஸ்ரர்,
தண்ணிமுறிப்பிலிருந்து இரண்டு பஸ்.
பந்து மேலே போனால் எல்லாக் கழுத்தும் மேலே.
பந்து விழுந்த இடம் எவருக்கும் வேண்டாம்.

எனக்கு இவர்களில் ஒரு சின்னக் கோபம் உண்டு.
ஆட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்
மீன்சந்தைக் கூரையின் கீழ் வைத்தாலும்
இப்படித்தான் கத்துவார்கள் என்று.
இடைவேளைக்கு இருபத்திரண்டு பேரும் வெளியேற
மைதானம் தனியாய், முழுசாய்க் கிடந்தது.
பார்ப்பதென்றால் அப்போதுதான் பார்க்கவேண்டும்.
அப்போது எல்லாரும் போனைப் பார்த்தார்கள்.

வளைந்த கோட்டை லைன்ஸ்மனே காணவில்லை.
வளைவில் வளைந்து ஓடிக்கொண்டிருந்தார், பாவம்.
"கிறவுண்ட் எப்படி இருக்கு?"
பக்கத்திலிருந்த சுகிர்தாவைக் கேட்டேன்.
"எந்தக் கிறவுண்ட்?" என்றாள், கண் எடுக்காமல்.

முடிய மூன்று நிமிசம்.
கிழக்குக் கோல் பக்கம் ஓ என்றொரு சத்தம்.
கயிறு அறுந்தது, சனம் உள்ளே.
ஐநூறு பேர் இருக்கும்,
செருப்போடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு,
பிள்ளையைத் தோளில் குலுக்கிக்கொண்டு.
மேற்கு மூலையிலிருந்துதான் அதிகம்.
நான் எழும்பிவிட்டேன். கத்தினேனோ தெரியாது.
கத்தினாலும் யாருக்குக் கேட்கப்போகிறது.

நாலு தடிக்குக் கிட்ட வந்ததும்
ஓட்டம் இரண்டாய்ப் பிரிந்தது.
துருசு திறந்த தண்ணீர்
நடுவில் நிற்கும் மருதமரத்தைச் சுற்றிப்போகிற மாதிரி.
ஒருவரும் குனியவில்லை.
ஒருவரும் வேகம் குறைக்கவில்லை.
கண்ணெல்லாம் அந்தப் பக்கக் கோல் கம்பத்தில்;
கால் மட்டும் சிவப்பை அறிந்து விலகியது.
வெடிச் சத்தம் ஓய்ந்தபிறகு பிறந்த
பொடியளின் காலும்
யாரும் சொல்லாமல்
சிரித்துக்கொண்டே விலகியது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் றோட்டுக்கு ஏற
சுண்ணாம்பு முழுக்கக் காலோடு போய்விட்டது.
கோடும் இல்லை, வளைவும் இல்லை.
முட்டையை எண்ணினேன். நாலு.
ஆட்காட்டி இறங்கி வந்து
அவ்வளவு சனத்தையும் விட்டுவிட்டு
என்னைத் திட்டியது.

இருட்டுகிற நேரம் கஜீபன் வந்தான்.
"அக்கா, கோல் எப்படி?"
வடிவான கோல் என்றேன்.
யார் அடித்ததென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.